துக்கம் கேட்க வருகிறவர்கள்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரியவர் தவறிவிட்டார். கீழ்த்தளத்தில் பெட்டியை வைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவருடைய மனைவி. வந்தவர்கள் ஒவ்வொருவரும் மாலையைப் போட்டுவிட்டு, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எப்படிம்மா ஆச்சு?" அவரும் சொன்னார். அடுத்தவர் வந்தார், அதே கேள்வி, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். மாலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்துவரை அங்கே இருந்தேன். முப்பது தடவையாவது சொல்லியிருப்பார்.

தொடக்கத்தில் எனக்குக் கோபமாக இருந்தது. இந்த மனுஷியை ஏன் இப்படிப் படுத்துகிறார்கள், கொஞ்ச நேரம் சும்மா விட்டால் என்ன என்று தோன்றியது. பிறகுதான் கவனித்தேன், கதை மாறிக்கொண்டே வந்தது. ஐந்து மணிக்கு அது ஆம்புலன்ஸ் வந்ததிலிருந்து தொடங்கியது. எட்டு மணிக்கு, அன்று காலை அவர் இரண்டாவது காப்பி கேட்டதிலிருந்து. பத்து மணி வாக்கில், போன தீபாவளிக்குத் தேக்கா கடைத்தெருவுக்குத் தனியாகப் போய் அவர் வாங்கிவந்த சேலையிலிருந்து. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது, கல்யாணமான கையோடு ஊரிலிருந்து ரஜூலா கப்பலில் வந்து இறங்கியதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் கதையின் கடைசி வரியாகிவிட்டிருந்தது. அந்த வரிக்கு வருவதற்குள் அவர் இரண்டு முறை சிரித்தும் இருந்தார்.

அந்தக் கேள்வி அவரைப் படுத்தவில்லை, தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நம் பேச்சு வழக்கிலேயே இது பதிந்திருக்கிறது. இறப்பு வீட்டுக்குக் கிளம்பும் யாரும் 'ஆறுதல் சொல்லப் போகிறேன்' என்பதில்லை. துக்கம் கேட்கப் போகிறேன், துக்கம் விசாரிக்கப் போகிறேன் என்பார்கள். திருநெல்வேலிக்காரர்கள் துட்டி கேட்பார்கள், மதுரை, சிவகங்கைப் பக்கத்தவர்கள் கேதம் கேட்பார்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் 'கேட்பது' மாறவில்லை. போகிறவரின் வேலை சொல்வது என்று யாரும் நினைக்கவில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நான்கு காரணங்களைச் சொல்கிறது. அவற்றில் இரண்டாவதான இழவு, அதாவது இழத்தல், இன்றும் நம் வாயில் 'இழவு வீடு' என்று புழங்குகிறது. அழுவதற்கு ஒரு வீடு, அங்கே போய்க் கேட்பதற்கு ஓர் ஊர். இந்த ஏற்பாட்டில் ஊர் சுருங்கிப்போனால் என்ன ஆகும் என்பதுதான் சிங்கப்பூரில் வாழும் நம் முன் இருக்கும் கேள்வி.

சடங்குகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை முதலில் பார்த்துவிடலாம். இறப்பு நடந்த வீட்டில் எல்லோருக்கும் கை வெறுமையாக இருக்கும். மருந்து கொடுக்க வேண்டியதில்லை, டாக்டரைக் கூப்பிட வேண்டியதில்லை. அந்த வெறுங்கைகளுக்குச் சடங்கு வேலை கொடுக்கிறது. நீர்மாலை எடுக்க வேண்டும். ஊரில் ஆற்றுக்கோ கிணற்றுக்கோ போவார்கள், இங்கே கீழ்த்தளத்துக் குழாயடிக்குக் குடத்தோடு நடக்கிறோம். நடக்கும் தூரம் இருபது அடிதான், ஆனாலும் நடக்கிறோம். பிறந்த வீட்டார் கோடித் துணி கொண்டுவர வேண்டும். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். எல்லோரும் வரிசையில் வந்து வாய்க்கரிசி போட வேண்டும். இவை ஒவ்வொன்றும் 'நீ இறந்தவருக்கு யார்' என்பதை ஊரறியச் சொல்லும் செயல்கள். பந்தம் பிடித்த எட்டு வயதுப் பையன் தாத்தாவின் சாவில் தனக்கும் ஓர் இடம் இருந்தது என்பதைப் பெரியவனான பிறகும் மறப்பதில்லை. சின்னப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடும் குடும்பங்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒப்பாரி இன்னும் நுட்பமானது. ஒப்புச் சொல்லி அழுவது என்பார்கள். இறந்தவரைப் பொன்னுக்கும் தேருக்கும் ஒப்பிட்டுப் பாடுவது அதன் வெளிப்புறம். உள்ளே வேறு நிறைய நடக்கிறது. 'என்னை நட்டாற்றில் விட்டுப் போனாயே' என்று இறந்தவர்மேல் கோபப்படலாம். கடைசிவரை வந்து பார்க்காத தம்பியின் காதில் விழும்படி ஒரு வரியைத் தூக்கிப் போடலாம். சாதாரண நாளில் மாமியார் முன்னால் வாய் திறக்க முடியாத பெண், ஒப்பாரியில் முப்பது வருஷத்துக் குறையையும் சொல்லிவிடலாம். யாரும் தடுக்க முடியாது, அது பாட்டு. ஒருத்தி பாட, மற்றவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழும்போது, அந்த வட்டத்தில் பாதிப் பேர் தங்கள் பழைய சாவுகளுக்காகவும் அழுகிறார்கள். இப்போது இங்கே ஒப்பாரி தெரிந்த பாட்டிகள் மிகவும் குறைந்துவிட்டார்கள். அந்த இடத்தைப் பல வீடுகளில் சிவபுராண ஓதல் எடுத்துக்கொண்டிருக்கிறது. இலங்கைத் தமிழ்க் குடும்பங்களில் திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடிப்பதைக் காணலாம். உலக்கை விழும் தாளத்தில் பத்துப் பேர் சேர்ந்து பாடுகிறார்கள். துக்கத்துக்கு மூச்சு வாங்க ஒரு தாளம் கிடைக்கிறது. ஆனால் ஒப்பாரி கொடுத்த முறையிடும் உரிமையைத் தேவார திருவாசகங்கள் கொடுப்பதில்லை. இதை நான் ஓர் இழப்பாகவே பார்க்கிறேன்.

தமிழர்களுக்குள்ளேயே முறைகள் பல. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் அடக்கம் பெரும்பாலும் அன்றே முடிந்துவிடும். ஆனால் மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள் என்று ஓதுவதற்கும் சேர்ந்து சாப்பிடுவதற்கும் உறவுகள் திரும்பத் திரும்பக் கூடுகிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. கத்தோலிக்கர்களுக்கு நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்தில் அன்று மெழுகுவத்தியும் பூவுமாகக் கூட்டம் நிறையும். இந்துக்களுக்கு எட்டாம் துக்கம், பதினாறாம் நாள், தலைத் திவசம். எல்லாவற்றிலும் உள்ள பொதுவான அறிவு ஒன்றுதான்: முதல் நாளோடு விட்டுவிடக் கூடாது, திரும்பப் போக வேண்டும்.

சிங்கப்பூரில் இந்த ஏற்பாட்டுக்கு எதிர்பாராத ஒரு கூடம் கிடைத்தது. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டும் புளோக்குகளின் கீழ்த்தளத்தைக் காலியாக விட்டுக் கட்டும் வழக்கம் 1970களில் பரவலானது. கல்யாணத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். சனிக்கிழமை மலாய்க் கல்யாணத்தின் கொம்பாங் மேளம் கேட்ட தூணருகே திங்கட்கிழமை நம் சங்கும் சேகண்டியும் கேட்கும். ஒரு வீட்டில் சாப்பறையான நெய்தல் ஒலிக்க இன்னொரு வீட்டில் மண முழவு ததும்புவதைப் புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் பாடினார். இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று மனம் நொந்தார். நமக்கு இரண்டும் ஒரே தூணடியில். கீழ்த்தளத்துக்குக் கதவு இல்லை என்பதால் யாரும் அழைப்பில்லாமல் வரலாம். வேலை முடிந்து லிஃப்டுக்கு நடக்கும் சீனப் பக்கத்து வீட்டுக்காரர் பையை ஓரமாக வைத்துவிட்டு மூன்று முறை தலைகுனிந்துவிட்டுப் போவார். தனித்தனிக் கதவுகளுக்குள் வாழும் ஊரில், சாவு மட்டும் இன்னும் கதவில்லாத இடத்தில் நடக்கிறது.

ஆனால் நேரம்? அது இறுகிக்கொண்டே வருகிறது. மண்டாய் தகனச்சாலையில் நமக்கென்று குறித்த நேரம் இருக்கிறது. அதற்குத் தக்கபடி பூசாரியின் மந்திரம் நீளும், சுருங்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பெட்டி நகர்ந்து போவதைப் பார்க்கிறோம், அடுத்த குடும்பம் வெளியே காத்திருக்கிறது. மறுநாள் சாம்பல். பிறகு வேலை. சிங்கப்பூரில் துக்க விடுப்பு சட்டப்படி கட்டாயம் கிடையாது, அது முதலாளிக்கும் ஊழியருக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்தது. பல இடங்களில் இரண்டு மூன்று நாள் கொடுப்பார்கள். பதினாறு நாள் துக்கம் காத்த ஒரு மரபு, மூன்றாம் நாள் காலை லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்கிறது. பதினாறாம் நாளை வசதியான ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுகிறார்கள் அல்லது இழுக்கிறார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். தேதி பிசகினாலும் ஆட்கள் கூடுவதுதான் முக்கியம்.

இந்த மரபறிவுக்கு ஆய்வுலகத்திலும் ஒத்த கருத்துகள் உண்டு. நெதர்லாந்து ஆய்வாளர்களான மார்கரெட் ஸ்ட்ரோபவும் ஹெங்க் ஸ்ஹூட்டும் 1999இல் ஒரு விளக்கத்தை வெளியிட்டார்கள். துக்கப்படுகிறவர் படிப்படியாக மேலேறி ஒரு நாள் கரை சேர்வதில்லை, இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்வின் பக்கமும் மாறிமாறிப் போய்வருகிறார், அந்த ஊசலாட்டமே ஆரோக்கியமானது என்பது அதன் சாரம். நம் இழவு வீட்டை ஒருமுறை பார்த்தவருக்கு இது புதிதில்லை. பெட்டியருகே ஓலம், பத்தடி தள்ளி வட்ட மேசையில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டு பந்தாட்டப் பேச்சு. மகன் அங்கே அழுதுவிட்டு இங்கே வந்து "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று விசாரிப்பார். வெளியூர்க்காரர் பார்த்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கக்கூடும். இரண்டு பக்கமும் போய்வர ஒரே கூரைக்குள் இடம் கிடைத்திருக்கிறது.

இன்னொன்று, கால அளவு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022இல் வெளியிட்ட திருத்தப்பட்ட கையேட்டில் நீடித்த துக்கத்தை ஒரு தனிக் கோளாறாகச் சேர்த்தபோது, பெரியவர்களுக்கு இறப்பு நடந்து குறைந்தது 12 மாதங்களாவது கடந்திருக்க வேண்டும் என்று வரையறுத்தது. நம் தலைத் திவசமும் ஓராண்டில்தான் வருகிறது. ஓராண்டுக்கு அந்த வீட்டில் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள், பண்டிகை கொண்டாடமாட்டார்கள். பிள்ளைகளுக்குப் பலகாரம் பக்கத்து வீட்டிலிருந்து வரும். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. ஓர் ஆண்டாவது ஆகும் என்பதை இரு தரப்பும் மதித்திருக்கின்றன, அவ்வளவே. துக்க விடுப்பு முடிந்த நான்காம் நாள் 'இன்னுமா?' என்று ஒருவரைக் கேட்கும்போது இது நினைவில் இருந்தால் போதும்.

சடங்கு என்றால் எல்லாம் நல்லது என்று எழுதிவிட்டுப் போக என்னால் முடியாது. கணவனை இழந்தவளுக்குக் கடைசியாக ஒருமுறை பூவும் பொட்டும் வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி, பிறகு கூட்டத்தின் நடுவே அவற்றைப் பறிக்கும் சடங்கு சில வீடுகளில் இன்னும் நடக்கிறது. அது துக்கத்தை ஆற்றுவதில்லை, துக்கப்படுகிறவளைத் தண்டிக்கிறது. விட்டுவிட வேண்டும். 'நம் வீட்டில் இது வேண்டாம்' என்று ஒரு பெரியம்மா சொன்னால் போதும், நின்றுவிடுகிறது. அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். கருவிலேயே போன பிள்ளைக்கும், பிறந்த சில நாளில் போன பிள்ளைக்கும் பதினாறாம் நாள் கிடையாது. யாரும் வந்து கேட்பதும் கிடையாது. அந்தத் தாய்க்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

தற்கொலையில் போனவரின் வீட்டில் நிலைமை இன்னும் கடினம். அங்கே 'எப்படி ஆச்சு?' என்ற அதே கேள்வி விசாரணையாக மாறிவிடுகிறது. முன்னால் கேட்கத் தயங்குவார்கள், பின்னால் போய்ப் பேசுவார்கள். தற்கொலைக்கு முயல்வது 2020 ஜனவரி 1 வரை இங்கே சட்டப்படி குற்றமாகவே இருந்தது. அந்த நிழல் நம் பேச்சிலிருந்து இன்னும் விலகவில்லை. 1969இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம், உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்களின் அழைப்பை 1767 என்ற எண்ணில் கேட்பதோடு, அப்படி ஒருவரை இழந்த குடும்பத்தினர் ஒன்றுகூடிப் பேசும் ஆதரவுக் குழுவையும் நடத்துகிறது. அங்கே வட்டமாக உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் ஒரே வகை இழப்பு. ஊர் கேட்கத் தவறியதை அந்த வட்டம் கேட்கிறது.

கேட்க ஊரே இல்லாதவர்களும் நம்மோடு இருக்கிறார்கள். கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கும் புதுக்கோட்டை இளைஞருக்கு அம்மா இறந்த செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறது. போக முடிந்தால் போவார். முடியாதபோது தங்கும்விடுதியின் இரண்டடுக்குக் கட்டிலில் உட்கார்ந்து, கொள்ளிக்குடம் உடைவதைக் கைப்பேசியில் பார்ப்பார். அறைத் தோழர்கள் அன்று சமையலை ஏற்றுக்கொள்வார்கள், இரவு விழித்திருப்பார்கள். அந்த ஐந்தாறு பேர்தான் அவருக்கு அன்றைய ஊர். தமிழர்களின் தொடக்கக்காலக் குடியேற்றமும் பெரும்பாலும் ஆண்களுடையதாகவே இருந்தது, கூடவேலை பார்த்தவர்களே தூக்கிப் போனார்கள். அந்த வகையில் இது நம் பழைய கதை. வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி இங்கே 2014இல் வங்காளி ஊழியர்களோடு தொடங்கிப் பிறகு தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கும் விரிந்தது. பகலில் கம்பி கட்டியவர் மேடையேறித் தன் சொல்லைப் படிக்க, மொழி தெரியாதவர்களும் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

நாடே துக்கம் கேட்ட நாள்களும் உண்டு. 2015 மார்ச் 23ஆம் தேதி நாட்டின் முதல் பிரதமர் திரு லீ குவான் இயூ காலமானபோது நாடாளுமன்றத்தில் அஞ்சலி செலுத்த 450,000க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பல மணிநேர வரிசை, இரவு பகலாக. குடையும் தண்ணீரும் கைமாறின. முன்பின் தெரியாதவர்கள் தாங்கள் வாழ்ந்த கம்பம் என்ற பழைய கிராமத்தையும் முதல் வீவக வீட்டையும் பற்றிப் பேசிக்கொண்டே நகர்ந்தார்கள். அதே ஆண்டு ஜூன் 5ஆம் தேதி மலேசியாவின் சாபா நிலநடுக்கத்தில் நம் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இறந்தபோது பள்ளி வாசலில் பூக்கள் குவிந்தன, ஜூன் 8ஆம் தேதி தேசிய நினைவு நாளாக அனுசரிக்கப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் முன்னாள் அதிபர் எஸ்.ஆர்.நாதனின் அரசாங்க இறுதிச் சடங்கில், அவருக்குப் பிடித்த 'தஞ்சாவூரு மண்ணெடுத்து' ஒலித்தது. பல ஊர் மண்ணைச் சேர்த்து ஒரு பொம்மை செய்கிற தமிழ்ப் பாட்டு. அரங்கில் இருந்த பலருக்கு மொழி புரிந்திருக்காது. நமக்குப் புரிந்தது.

பீச் ரோட்டில் நிற்கும் போர் நினைவுச் சின்னத்தின் நான்கு தூண்களுக்கும் துக்கத்தில் பங்கு உண்டு. ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் கொல்லப்பட்ட பொதுமக்களுக்காக 1967 பிப்ரவரி 15ஆம் தேதி திறக்கப்பட்ட அதன் அடியில், பொதுக் குழிகளிலிருந்து எடுத்த எலும்புகள் தாழிகளில் இருக்கின்றன. யாருடையவை என்று பிரித்தறிய முடியாதவை. அதே காலத்தில் சயாம் பர்மா ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. உடல் இல்லை, இறந்த நாளும் தெரியாது, திதி கொடுக்க வழியில்லை. நம் மரபில் அதற்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்: திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை. எந்த நாள் என்று தெரியாவிட்டாலும் ஒரு நாள் கொடுத்துவிடுவது.

என் சொந்த வீட்டில் இந்தக் கணக்கு பிசகிய ஒரு முறையைச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி கொவிட் முறியடிப்புத் திட்டம் என்ற முடக்கம் தொடங்கியது. ஈமச் சடங்கில் ஒரு நேரத்தில் 10 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த மாதக் கடைசியில் என் அத்தை போய்விட்டார், கொவிட்டால் அல்ல, இதயத்தால். அத்தைக்கு நான்கு பிள்ளைகள், ஒன்பது பேரப்பிள்ளைகள். பத்துப் பேரை எண்ணி எடுப்பதே ஒரு சடங்கு மாதிரி நடந்தது. நான் அந்தப் பத்தில் இல்லை, ஸூமில் பார்த்தேன். மாமா முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். கையைப் பிடித்துக்கொள்ள யாருக்கும் அனுமதியில்லை. தொலைபேசியில் கூப்பிட்டவர்களும் 'உடம்பைப் பார்த்துக்குங்க' என்றுதான் சொன்னார்கள். என்ன ஆச்சு என்று கேட்கப் பயம், அழவைத்துவிட்டால் பக்கத்தில் ஆள் இல்லையே என்று. பிறகு வந்த இரண்டு ஆண்டுகளில் மாமா அத்தையின் பெயரைச் சொல்லி நான் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனால் விலைவாசி பேசுவார், வானிலை பேசுவார்.

2022 ஏப்ரல் 26ஆம் தேதி குழு அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. சில நாளில் அத்தையின் இரண்டாம் ஆண்டுத் திதி வந்தது. இந்த முறை எல்லோரையும் கூப்பிடுவது என்று பெரிய அண்ணன் முடிவு செய்தார். ஈசூன் வீட்டில் நாற்பது பேர், செருப்புகள் லிஃப்ட் வரை. படையல் முடிந்து இலை போட்டுச் சாப்பிட்டோம். அப்போது ஜோகூரிலிருந்து வந்திருந்த சின்னத்தை, இரண்டு ஆண்டாக எல்லை தாண்ட முடியாமல் இருந்தவர், மாமாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வரவே முடியல. சொல்லுங்க மச்சான், அக்காவுக்கு எப்படி ஆச்சு?"

மாமா கொஞ்ச நேரம் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி இருக்கும், ஆம்புலன்ஸ் வந்துச்சு" என்று தொடங்கினார்.